கோர்ட் கலையும் வரை

உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்திருக்கிறேன். கடைசி வரிசை, சுவரோரம், ஒரு கால் ஆடுகிற நாற்காலி. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர், நான் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள. எழுபது தாண்டியவன் எங்கே ஓடுவது, வாசல் வரைக்கும் ஓடினால் மூச்சு அங்கேயே நின்றுவிடும். பெயர் தங்கச்சாமி என்று சட்டையில் எழுதியிருக்கிறது. ஆளுக்குத் தூக்கம் வருகிறது. எனக்குக் குளிருகிறது. மதுரையில் மாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது, இங்கே உள்ளே மார்கழி. தலைக்கு நேர் மேலே ஏசி. போர்வை பையில் இருக்கிறது, பை தங்கச்சாமி காலடியில் இருக்கிறது, கேட்கணும். கேட்க மாட்டேன். அந்தப் பையை நினைத்தால்தான் எரிச்சல். ஆறு மாதம் போடுவார்கள் என்று கட்டின பை. இரண்டு வேட்டி, துண்டு, போர்வை, பிரஷர் மாத்திரை, ஒரு சோப்பு. தென்காசியில் அடுத்த வீட்டு மாடசாமியிடம் சாவியைக் கொடுத்து, கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணி ஊத்துடே, வர நாளாகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் கண் கலங்கினான். ஜட்ஜ் என்னடா என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நீதிமன்றம் கலையும் வரை சிறை என்கிறார். கூட ஒரு அபராதம். ஹெல்மெட் போடாதவனுக்குப் போடுகிற மாதிரி. என்னை ஜெயிலுக்கு அனுப்பக்கூட லாயக்கில்லை என்று முடிவு பண்ணிவிட்டார் போல. மாடசாமி முகத்தில் எப்படி முழிப்பது, ராத்திரியே திரும்பி வந்து சாவியைக் கொடுடே என்றால்.

குற்றம் இதுதான். பேத்தியை அவள் அப்பனிடம் ஒப்படை என்று இதே ஜட்ஜ் ஜூன் மாதம் உத்தரவு போட்டார். நான் ஒப்படைக்கவில்லை. காய்ச்சல் என்றேன், பரீட்சை என்றேன், பிறகு ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினேன். அவன் நீதிமன்ற அவமதிப்பு என்று வழக்குப் போட்டான், இன்றைக்குப் பிள்ளையோடு வந்து நில் என்று ஜட்ஜ் வரவழைத்துவிட்டார். அவன் என்றால் ஞானவேல், என் மகள் பூரணத்தின் புருஷன். பூரணம் இல்லை. மூன்று வருஷம் ஆகப்போகிறது. சென்னையில் காய்ச்சல் வந்து கிடந்தாள், சாதாரணக் காய்ச்சல்னு நெனச்சேன் மாமா என்றான், கஷாயமும் மாத்திரையுமாகப் போட்டு வீட்டிலேயே வைத்திருந்தான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்போது கண் மஞ்சளாகிவிட்டதாம். சாதாரணக் காய்ச்சல்னு நெனச்சேன் மாமா. இந்த ஒரு வரி என் மண்டைக்குள் கியர் விழாத வண்டி மாதிரி கரகரவென்று கிடக்கிறது, முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. நினைத்தாயோ. நீ யார் நினைக்க. அவனும் அழுதான். சுடுகாட்டில் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு மாடு மாதிரி கத்தினான், அதை நான் பார்த்தேன். கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிள்ளை கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும் மாமா என்று அவன்தான் விட்டுவிட்டுப் போனான். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவனும் சொல்லவில்லை.

தேனருவி என்று பெயர். பூரணம் வைத்த பெயர். நான் கடைசியாக பஸ் ஓட்டினது குற்றாலம் ரூட், அங்கே மலை மேலே இருக்கிற ஒரு அருவியின் பெயர் அது. தேனு என்று கூப்பிடுவோம். ஏழு வயது. அரசாங்க பஸ்ஸில் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை இது, இதை வைத்து இரட்டைப் பின்னல் போடப் படித்தேன். ஒன்று மேலே நிற்கும், ஒன்று கீழே தொங்கும். ஸ்கூல் டீச்சர் சிரிப்பாளாம். 'தாத்தா, ஒனக்கு லெப்ட் சைடு சரியா வரல' என்பாள் தேனு. இன்றைக்குக் காலையில் நன்றாக வந்தது. இரண்டும் ஒரே உயரம். யாருக்காகவோ. தண்டனை சொன்ன பிறகு, அந்த இரட்டைப் பின்னலோடு ஜட்ஜ் அறையில் பெரிய சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள், கையில் யாரோ கொடுத்த பிஸ்கட், தின்னவில்லை. ஞானவேல் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து என்னவோ பேசினான். இளைத்துவிட்டான். காதோரம் நரைத்திருக்கிறது. அவள் என்னைப் பார்த்தாள். 'போ' என்றேன். 'நீ?' 'ரயிலடிக்கு வாறேன்.' 'நெசமா?' 'வாறேன்னா வருவேன்.' அதைக் கேட்ட பிறகுதான் எழுந்தாள். அழவில்லை. தாத்தா வண்டி லேட்டாக வந்து அவள் பார்த்ததில்லை. ஜட்ஜ் நல்லவிதமாகத்தான் கேட்டார். 'பெரியவரே, குழந்தைக்கு என்ன பழக்கம், என்ன சாப்பிடும், எல்லாம் அப்பாகிட்ட சொல்லி அனுப்புங்க.' 'பெத்தவருக்குத் தெரியாததா' என்றேன். சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் படுத்தால் அவளுக்கு மூச்சு இரைக்கும், எந்த வாடைக்கு வாந்தி வரும், ராத்திரி எதற்கு எழுந்து உட்காருவாள், எனக்குத் தெரியும். அவன் திணறட்டும். ஒரு ராத்திரியாவது முழித்துக் கிடக்கட்டும். முழித்துக் கிடக்கத் தெரியாமல்தானே ஒருத்தியை விட்டான்.

நாலு மணிக்கு அவர்களுக்குச் சென்னை ரயில். மூன்றுக்கு இங்கிருந்து கிளம்பினால் போதும். நான் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். ஜட்ஜ் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார், கோர்ட் கலைந்துவிடும், நான் ஒரு டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினால்கூட நேரம் கிடக்கிறது. அதனால்தான் ரயில் பேச்சை யாரிடமும் எடுக்கவில்லை. தண்டனைக்கு முன்னால் என் வக்கீல் இருதயராஜ் மன்றாடினான். நல்ல பையன், ஐம்பது வயது, வேர்த்துக்கொண்டே இருப்பான். மன்னிப்புக் கேட்டு ஒரு பத்திரம் டைப் அடித்து வைத்திருந்தான். 'அண்ணாச்சி, கையெழுத்துப் போடுங்க. நூத்துக்குத் தொண்ணூறு அவமதிப்பு கேஸ் இதுலதான் முடியும். உத்தரவை நிறைவேத்திருதேன், மன்னிச்சிருங்க, அம்புட்டுத்தான். ஜட்ஜுக்கும் வேணாம் ஒங்கள உள்ள போட.' 'நான் என்ன தப்பு செஞ்சேன்?' 'தப்பு செஞ்சீங்கன்னு யாரு சொன்னா? மன்னிப்புத்தான கேக்கச் சொல்லுதேன்.' 'தப்பு செய்யாதவன் எதுக்குக் கேக்கணும்?' அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். 'அண்ணாச்சி, தப்பு எதுத்த வண்டி மேலன்னாலும் நீங்க பிரேக் போட்டிருப்பீங்கள்ல? அப்படி நெனச்சுக்கிடுங்க.' சிரிப்பு வந்தது, காட்டவில்லை. கையெழுத்தும் போடவில்லை. ஜட்ஜ் கேட்டார், வருத்தம் தெரிவிக்கிறீர்களா. 'இல்லை' என்றேன். அவர் முகம் கோபப்படவில்லை. அலுத்துப்போன முகம்.

முன்வரிசையில் ஒருத்தர் எழுகிறார். வெள்ளைச் சட்டை, கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு. ஏதோ நகராட்சி கமிஷனராம். ஒரு கிழவியின் பென்ஷன் மனுவைப் பரிசீலனை செய் என்று உத்தரவு, ஒரு வருஷம் கிடப்பில் போட்டிருக்கிறார். 'எப்ப நிறைவேத்தினீங்க?' 'நேத்து சாயங்காலம், மைலார்ட்' என்கிறார் அவர் வக்கீல். 'அவமதிப்பு வழக்கு வந்தாத்தான் உங்களுக்கெல்லாம் கண்ணு தெரியுமா?' 'நிபந்தனையற்ற மன்னிப்புக் கேக்கிறார், மைலார்ட்.' கமிஷனர் இன்னும் கொஞ்சம் குனிகிறார். ஏற்கிறேன், முடித்துவைக்கிறேன், அடுத்தது என்கிறார் ஜட்ஜ். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இல்லை. வெளியே போகும்போது அவர் என்னைத் தாண்டிப் போகிறார், செண்ட் வாடை, வாசலைத் தாண்டினதும் யாரிடமோ சிரித்துப் பேசுகிறார். கிழவி நடுவில் நிற்கிறாள். 'முடிஞ்சிருச்சாய்யா?' என்று தன் வக்கீலைக் கேட்கிறாள். 'பரிசீலனை பண்ணிட்டாங்கம்மா.' 'அப்ப குடுத்துருவாகளா?' 'பரிசீலனை பண்ணி, கிடையாதுன்னுட்டாங்க. அதுக்கு வேற கேஸ் போடணும்.' அவள் ஜட்ஜைப் பார்த்துக் கும்பிடுகிறாள். எதற்குக் கும்பிடுகிறாள். டவாலி போட்ட சேவகன் அவளை நகரச் சொல்லுகிறான். மன்னிப்பு என்கிற சொல்லுக்கு இதுதான் மதிப்பு என்றால் எனக்கு மட்டும் ஏன் தொண்டையில் நிற்கிறது. சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. கமிஷனருக்குச் சுளுவாக வந்தது, ஏனென்றால் அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. நான் சொன்னால், பிள்ளையை வைத்துக்கொண்டது தப்பு என்று ஆகும். அது தப்பென்றால் ஞானவேல்மீது குற்றமில்லை என்று ஆகும். அவன்மீது குற்றமில்லை என்றால் பூரணம் சும்மா செத்தாள் என்று ஆகும். சும்மா. யாரும் ஒன்றும் செய்யாமல், சாதாரணக் காய்ச்சலில். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அவ்வளவுதான் விஷயம். இதை எந்தப் பத்திரத்தில் டைப் அடிப்பான் இருதயராஜ்.

ஜட்ஜ் எழுகிறார். எல்லோரும் எழுகிறார்கள். நானும் எழுந்தேன், முட்டி கடகடத்தது, பையை எடுக்கக் குனிந்தேன். தங்கச்சாமி முழித்துக்கொண்டார். 'எங்க கிளம்பிட்டீரு பெருசு?' 'கலைஞ்சாச்சுல்லா?' 'என்னது?' 'கோர்ட்டு. எந்திரிச்சுப் போயிட்டாருல்லா.' அவர் என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்த குமாஸ்தாவைப் பார்த்தார், இரண்டு பேரும் சிரித்தார்கள். 'அது சோத்துக்குப் போறாருய்யா. ரெண்டேகாலுக்கு வருவாரு. சாயங்காலம் நாலே முக்காலுக்கு எந்திரிப்பாரு பாரும், அதுதான் கலையுறது. உக்காரும்.' உட்கார்ந்தேன். எங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் பார்த்திருக்கிறேன். சீட்டாடிப் பிடிபட்ட டெப்போ ஆட்களை இதே மாதிரி கலையும் வரை உட்கார வைப்பார்கள், மதியம் அவர் சாப்பிட எழுந்ததும் ஏட்டு போங்கடா என்று விரட்டிவிடுவார். அதுதான் சட்டம் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்தேன். நானும்தான் நினைத்துக்கொண்டேன். சாதாரணமாக. ச்சே. இந்தச் சொல்லை இப்போது யோசிக்காதே. நாலே முக்கால் என்றால் ரயில் திண்டுக்கல்லை எட்டியிருக்கும்.

இருதயராஜ் வந்தான், கையில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். 'மதியத்தோட முடியும்னு யாரு அண்ணாச்சி சொன்னா?' நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 'ரயிலுக்குப் போகணும்னு காலையிலேயே சொல்லியிருந்தா…' அவன் குனிந்து, காதோடு சொன்னான். 'இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. தண்டனை குடுத்த பெறகும் மன்னிப்புக் கேட்டா அத ரத்துப் பண்ணுறதுக்கு சட்டத்துல எடம் இருக்கு. ஜட்ஜ் ரெண்டேகாலுக்கு உக்காந்ததும் எந்திரிச்சு நில்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன். ஒரே ஒரு வார்த்தை. நீங்கதான் சொல்லணும், நான் சொன்னா செல்லாது. என் வண்டியில கொண்டு போய் இறக்கிவிடுதேன், கரெக்டா போயிரலாம்.' பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுப் போனான். பிரிக்கவில்லை. தங்கச்சாமி 'வீணாப் போகுமே' என்றார். கொடுத்துவிட்டேன். அவர் சாப்பிடுகிற சத்தம். ஊறுகாய் வாடை. அடிவயிறு கனக்கிறது, காலையிலிருந்து போகவில்லை. வண்டியில் இருக்கும்போது பழகினது, செங்கோட்டையிலிருந்து மதுரை வரைக்கும் அடக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன், அப்போது வயது வேறு. ஒரு வார்த்தை. வாய்க்குள் உருட்டிப் பார்க்கிறேன். புளியங்கொட்டை மாதிரி உருளுகிறது, கரையவில்லை. தேனு இப்போது சாப்பிட்டிருப்பாளா. அவன் ஓட்டலில் என்னத்தையாவது வாங்கிக் கொடுத்திருப்பான். காரம் இருந்தால் மூக்கு ஒழுகும், சொல்ல மாட்டாள், சட்டைக் கையில் துடைத்துக்கொள்வாள்.

ஜட்ஜ் வந்தார். எழுந்தோம், உட்கார்ந்தோம். அவர் தலைக்கு மேலே கடிகாரம். ஒரு வக்கீல் வாசிக்க ஆரம்பித்தான், நில அளவை, வடக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால். இருதயராஜ் முன்னாலிருந்து திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். இந்த ஆள் முடிக்கட்டும். முடித்தான். அடுத்த ஆள் ஆரம்பித்தான். இவன் முடிக்கட்டும். முள் இரண்டரையைத் தாண்டிவிட்டது. ஒரு லாரியை முந்தவேண்டுமென்றால் இடைவெளி பார்த்துக் காத்திருக்கக்கூடாது, தெரிந்த உடனே எடுத்துவிட வேண்டும், யோசித்தால் எதிரே வண்டி வந்துவிடும், எத்தனை கத்துக்குட்டி டிரைவர்களுக்குச் சொல்லியிருப்பேன். எடு. எழுந்தேன். நாற்காலி சுவரில் இடித்தது. தங்கச்சாமி 'உக்காரும்யா, உக்காரும்' என்று வேட்டியைப் பிடித்து இழுக்கிறார். வாசித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். 'என்ன பெரியவரே?' அத்தனை தலையும் திரும்புகிறது, கறுப்பு கோட்டுக்கு மேலே அத்தனை முகம். இருதயராஜ் முகம் பூரித்துப்போய் எழுந்து நிற்கிறான், எனக்காக, தன் பிள்ளை பள்ளிக்கூட மேடையில் நிற்கிறதைப் பார்க்கிற மாதிரி. சொல் நாக்கு நுனியில் இருந்தது. முதல் எழுத்துக்கு உதடுகூட ஒட்டியது. சாதாரணக் காய்ச்சல்னு நெனச்சேன் மாமா. 'ஒண்ணுக்குப் போகணும்' என்றேன். பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற என் குரல். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. 'கூட்டிட்டுப் போங்க' என்றார், மெதுவாகத்தான் சொன்னார். இருதயராஜ் உட்கார்ந்துவிட்டான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

கக்கூஸில் நின்றுகொண்டிருக்கிறேன், வரவில்லை. இவ்வளவு நேரம் முட்டிக்கொண்டு நின்றது, இப்போது வரவில்லை. சுவரில் வெள்ளை ஓடு, மேலே சின்ன ஜன்னல், ஜன்னலில் யானைமலை வெயிலில் படுத்துக்கிடக்கிறது. தங்கச்சாமி வாசலில் இருமுகிறார். 'மன்னிச்சிருங்க' என்றேன், சுவரைப் பார்த்து. வந்தது. எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது. இன்னொரு தடவை சொன்னேன். 'என்னய்யா?' என்றார் தங்கச்சாமி. 'ஒம்மச் சொல்லல.' 'ஆச்சா?' 'ஆகல.' பிறகு கொஞ்சம் வந்தது, எரிச்சலோடு. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் தாழ்வாரம் நீளமாகக் கிடக்கிறது, அந்தக் கடைசியில் கேட், கேட்டைத் தாண்டி ரோடு. ஒரு பஸ் ஹாரன். நம்ம வண்டிதான், சத்தத்திலேயே தெரியும். திரும்பி வந்து உட்கார்ந்தேன். இன்னொரு தடவை எழலாம். இரண்டாவது தடவை எழுந்தால் என்னவென்று கேட்பார். மறுபடியும் ஒண்ணுக்கா பெரியவரே என்று கேட்டால். முள் மூன்றைத் தொடுகிறது. தொட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் கிளம்பிவிட்டேன். ஒத்தக்கடை முக்கில் ஒரு ஆட்டோ குறுக்கே வருகிறது, மாட்டுத்தாவணி வரைக்கும் ரோடு சும்மா கிடக்கிறது, உள்ளே நுழைந்ததும் நெரிசல், கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறேன், பாலம், கீழே வைகையில் தண்ணி இல்லை, யாரோ மாடு குளிப்பாட்ட ஒரு குட்டை, சிம்மக்கல், இடது பக்கம் ஒடி, மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரயிலடி. வண்டியை ஓரங்கட்டி இறங்குகிறேன். பிளாட்பாரம். ஏசி பெட்டி, கண்ணாடி கறுப்பாக இருக்கிறது, உள்ளே இருக்கிறவர்கள் தெரிய மாட்டார்கள். ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிக்கொண்டு போகிறேன். வடக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால், மைலார்ட். கடிகாரத்தில் நாலு அடித்தமாதிரி இருந்தது, அடிக்கிற கடிகாரம் இல்லை அது. ரயில் நகர்ந்துவிட்டது. எந்தக் கண்ணாடி என்று தெரியவில்லை. உள்ளே இருந்து பார்த்தால் வெளியே எல்லாம் தெரியுமாம்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கவனிக்கவில்லை. பேர் கூப்பிட்டார்கள், ஆட்கள் எழுந்தார்கள், கையைக் கட்டினார்கள், குனிந்தார்கள், போனார்கள். எல்லோரும் எழுந்தபோது நான் எழவில்லை, கால் மரத்துவிட்டது. ஜட்ஜ் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார், என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாரோ என்னவோ. தங்கச்சாமி தோளைத் தொட்டார். 'இதுதான்யா கலையுறது. கிளம்பும்.' பையை எடுத்துக் கையில் கொடுத்தார். 'உடம்பப் பாத்துக்கிடும்' என்றார். வெளியே வெயில் சாய்ந்திருந்தது, உடம்பில் அந்தக் குளிர் இன்னும் இருந்தது. படியோரக் கட்டைச்சுவரில் சாய்ந்து நின்று போனை உயிர்ப்பித்தேன். அவன் நம்பரிலிருந்து நிறைய அழைப்பு, எல்லாம் நாலு மணிக்கு முன்னே. நான் பார்த்து முடிக்கும் முன்னே மறுபடியும் அடித்தது.

'மாமா.'

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

'தூங்கிட்டா மாமா. பிளாட்பாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. வண்டி எடுத்த பெறகும் தாத்தா ஓடி வருவாங்கன்னு… கொடைரோடு தாண்டித்தான் தூங்குனா.' ரயில் சத்தம் பேச்சை அமுக்கியது. 'மாமா, இருக்கீங்களா?'

'எந்தப் பக்கம் படுத்திருக்கா?'

'என் மடியிலதான் மாமா.'

'பக்கத்தைக் கேட்டேன்.'

'இடது பக்கமா… ஆமா. இடது பக்கம்.'

மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறதா என்று போனைக் காதோடு அழுத்தினேன். ரயில்தான் கேட்டது. 'இடப்பக்கம் படுத்தா அவளுக்கு இரைக்கும்' என்றேன். 'வலப்பக்கம் திருப்பிப் போடு. தலைக்கு எதாவது முட்டுக் குடு. எழுப்பிராத.' துணி உரசுகிற சத்தம், ஒரு சின்ன முனகல், பிறகு அவன் குரல், ரொம்பத் தாழ்வாக. 'திருப்பிட்டேன் மாமா.' வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. 'வேற என்ன மாமா?' என்றான்.

பையைக் கீழே வைத்தேன்.

'பால்ல ஏடு கிடந்தா குடிக்க மாட்டா' என்றேன்.